ஏணிக் கணக்கு வரவில்லை என்று சிவிலை விட்டுவிடலாமா?

தம்பி, திருப்பு விசைக் கணக்குகள் வராததால் சிவில் இன்ஜினியரிங் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். திருப்பு விசை என்பது ஒரு விசை பொருளை ஒரு புள்ளியைச் சுற்றித் திருப்பும் அளவு; விசையை, அந்தப் புள்ளியிலிருந்து விசைக்கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கினால் கிடைக்கும். நீ அனுப்பிய விடைத்தாள்களை நிதானமாகப் பார்த்தேன். சூத்திரம் தெரிகிறது, இயற்கணிதத்திலும் தப்பில்லை. படம் வரையாமல் சமன்பாட்டுக்குத் தாவுவதும், எந்தப் புள்ளியைச் சுற்றிக் கணக்கிடுவது என்ற தடுமாற்றமும்தான் உன் சிக்கல். இரண்டும் பழக்கத்தில் சரியாகிவிடும்.

நீ விட்ட ஏணிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 5 மீட்டர் நீளச் சீரான ஏணி, எடை 200 நியூட்டன். வழவழப்பான, அதாவது உராய்வில்லாத, சுவரில் சாய்ந்திருக்கிறது. அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, நுனி 4 மீட்டர் உயரத்தில். முதலில் ஏணியை மட்டும் தனியாக வரை. தரையும் சுவரும் வேண்டாம், அவை ஏணிக்குத் தரும் விசைகள் போதும். இதைச் செய்யாததால்தான் உராய்வு விசையை மறந்துவிட்டாய்.

தெரியாத விசைகள் மூன்று: சுவர் ஏணியைத் தள்ளும் விசை, தரை மேல்நோக்கித் தரும் விசை, தரையின் உராய்வு. அவற்றில் இரண்டு ஏணியின் அடியிலேயே செயல்படுகின்றன. அடியைச் சுற்றித் திருப்பு விசை எடுத்தால் அந்த இரண்டும் கணக்கிலிருந்தே போய்விடும். அப்புறம் மிஞ்சுவது இரண்டு தூரங்கள்: சுவரின் விசைக்கு 4 மீட்டர், எடைக்கு 1.5 மீட்டர் (சீரான ஏணியின் எடை நடுவில் செயல்படுவதால் 3 மீட்டரில் பாதி). 200 × 1.5 = 300; அதை 4ஆல் வகுத்தால் 75 நியூட்டன். கிடைமட்டத்தில் சமன்பட வேண்டும் என்பதால் உராய்வும் 75, தரை மேல்நோக்கித் தருவது 200. நீ நுனியைச் சுற்றி எடுத்தாய். அது தப்பே இல்லை. சமநிலையில் எந்தப் புள்ளியைச் சுற்றியும் கூட்டுத்தொகை சுழிதான். ஆனால் தெரியாதவை இரண்டு ஒரே சமன்பாட்டில் மாட்டிக்கொண்டன. விடை கிடைத்த பிறகு அதே நுனியைச் சரிபார்க்கப் பயன்படுத்து: தரையால் 200 × 3 = 600, எதிர்த்திசையில் எடையால் 300, உராய்வால் 75 × 4 = 300. சரியாக வருகிறது பார்.

கட்டடமோ பாலமோ வடிவமைப்பவர்களும் தாங்கிகளில் வரும் விசைகளைக் கணக்கிட இப்படித்தான் தொடங்குகிறார்கள். சிவிலை விட்டுப் பிசியோதெரபிக்குப் போனாலும் இது விடாது. கையில் எடையைப் பிடித்தபடி முழங்கையை மடக்கும்போது, தசை மூட்டுக்கு மிக அருகில் பற்றியிருப்பதால், எடையைப் போலப் பல மடங்கு இழுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு வாரம் தினமும் மூன்று கணக்குகளுக்குப் படம் மட்டும் வரை, விடை காணாதே. புள்ளியைத் தேர்ந்தெடுத்து, ஏன் அதை எடுத்தாய் என்று ஒரு வரி பக்கத்தில் எழுது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வா, சிவிலைப் பற்றி அப்போது பேசலாம்.