மதகு உயர்ந்தால் வெள்ளம் வளவுக்குள்: யாரிடம், எதைக் கேட்பது?

கேள்வி: ஐயா, முல்லைத்தீவு மாவட்டத்தில் ஓர் உட்கிராமம் எங்களுடையது. சித்திரையில் எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிரீற் போட்டு மதகும் கட்டினார்கள். மதகு உயர்ந்துபோனதால் ஒருநாள் மழைக்கே ஐந்து வளவுகளுக்குள் தண்ணீர் நிற்கிறது. பிரதேச சபையில் கேட்டால் "செயலகத்து வேலை" என்கிறார்கள். செயலகத்தில் "றோட்டு சபையின்ர" என்கிறார்கள். மாரிக்கு முதல் என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு கந்தோரும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். றோட்டு சபையின் பதிவில் இருக்கும். காசு அமைச்சிலிருந்து பிரதேச செயலகம் வழியாக வந்திருக்கும். அப்படியென்றால் ஒப்பந்தக் கோவை செயலகத்தில், பராமரிப்பு சபையின் தலையில். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை. உங்கள் ஒழுங்கை அதற்குள் வராது. ஆனால் அது குளக்கட்டோடோ வாய்க்கால் கரையோடோ போகிறதா என்று பாருங்கள். போனால் நீர்ப்பாசனத் திணைக்களமோ கமநல அபிவிருத்தித் திணைக்களமோ மூன்றாவது ஆளாக வந்து நிற்கும்.

ஆகவே கடிதத்தை ஒரே நாளில் இரண்டு கந்தோருக்கும் கொடுங்கள். முறைப்பாட்டுக் கடிதமாக இல்லை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழான விண்ணப்பமாக. தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கையோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

இங்கேதான் எங்கள் சனம் பிழை விடுவது. "ஏன் இப்படிக் கட்டினீர்கள்?" என்று எழுதுவார்கள். அதற்கு வருவது ஒரு விளக்கம். விளக்கத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆவணத்தைக் கேளுங்கள்: எஸ்டிமேற், வரைபடம், ஒப்பந்தப் பிரதி, செய்த வேலையை அளந்து பதியும் அளவீட்டுப் புத்தகத்தில் இந்த வேலைக்குரிய பக்கங்கள், கொடுத்த பணம், பிடித்து வைத்திருக்கும் பணம், அதை விடுவிக்கும் திகதி.

கடைசி இரண்டும் முக்கியம். கொந்தராத்துக்காரரின் காசில் ஒரு பங்கைக் கந்தோர் பிடித்து வைத்திருக்கும். வேலையில் குறை தெரிந்தால் அவர் திருத்திக் கொடுக்க வேண்டிய குறைபாட்டுக் காலம், வழக்கமாக ஒரு வருடம், முடிந்தபிறகுதான் அதை விடும். அதற்குள் குறை எழுத்தில் பதிந்தால் அவரே திருத்த வேண்டும். விட்டபிறகு புதிதாக நிதி தேட வேண்டும். சித்திரையில் முடிந்த வேலை என்றால் இந்த மாரி மட்டும்தான் உங்கள் கையில். வேலையைச் செய்தது உங்கள் ஊர்க் கிராம அபிவிருத்திச் சங்கமே என்றாலும் இதே ஆவணங்களைக் கேளுங்கள். தலைவர் சொந்தக்காரர் என்று வாய்மூடிவிடாதீர்கள்.

உங்கள் விண்ணப்பத்துக்குக் கந்தோர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டை விசாரிக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் 2 மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. (5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டம் என்றால், தொடங்க 3 மாதம் முன்பே அமைச்சர் மக்களுக்கு விபரம் தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு. நான் கண்ட இடங்களில் பெயர்ப்பலகையே வேலை முடிந்துதான் நட்டார்கள்.)

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். மேசன்மார் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையை மதகின் அடித்தளத்திலும் மறுமுனையை வளவுக்குள் தண்ணீர் நிற்கும் இடத்திலும் பிடித்து, இரண்டு இடத்திலும் நிலத்திலிருந்து நீர்மட்டம் எத்தனை அங்குலம் என்று அடிமட்டத்தால் அளவிடுங்கள். மதகடியில் 9, வளவில் 14 என்றால் மதகின் அடி 5 அங்குலம் உயர்ந்து நிற்கிறது. மழை நாளில், அடிமட்டமும் தெரியப் படம் எடுங்கள். வரைபடத்திலுள்ள மட்டத்தோடு இது ஒத்துவராவிட்டால் குற்றம் கட்டியவருடையது, ஒத்துவந்தால் வரைந்தவருடையது. இரண்டாவது என்றால் கொந்தராத்துக்காரரைத் திட்டி வேலையில்லை, கந்தோர்தான் பொறுப்பு.

அளவையும் படங்களையும் ஐந்து வீட்டுக் கையொப்பத்தோடு பிரதேச செயலாளருக்கும் சபைத் தவிசாளருக்கும் கொடுத்து, பிரதி ஒன்றை உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும் அனுப்புங்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடம் அடுத்த சபைக் கூட்டத்தில் இதைப் பிரேரணையாக வைக்கச் சொல்லுங்கள். கூட்டக் குறிப்பில் ஏறினால் பிறகு "தெரியாது" என்று சொல்ல முடியாது.

கோபத்தில் மதகை நீங்களே உடைக்க வேண்டாம். பொதுச்சொத்துக்குச் சேதம் என்று வழக்கு உங்கள்மீதே திரும்பும், குறைக்கான சாட்சியும் போய்விடும். இந்த மழைக்கு ஒரு தற்காலிக வெட்டுவாய்க்கால் வேண்டும் என்று அதே கடிதத்தில் எழுதுங்கள். சபையின் பெக்கோ அரைநாள் நின்றால் முடிகிற வேலை அது.