இரண்டாவது படம் இரண்டாவது நாவல் அல்ல

அன்புள்ள ஐயா,

‘நைட் வாட்ச்’, ‘டே வாட்ச்’ என்ற இரண்டு ரஷ்யப் படங்களையும் அடுத்தடுத்த நாட்களில் பார்த்தேன். காட்சிகள் அசரவைத்தன, கதைதான் பிடிபடவில்லை. ஒப்பந்தம், உரிமம் என்று ஏதேதோ பேசுகிறார்கள். யார் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று கடைசிவரை விளங்கவில்லை. மூலம் ஒரு நாவல் வரிசை என்று அறிந்தேன். முதல் இரண்டு கதைகள் தெரிந்துவிட்டதால் மூன்றாம் நாவலில் தொடங்கலாமா? படித்தால் படத்தில் கிடைக்காத எது கிடைக்கும்?

க., நாமக்கல்

அன்புள்ள க.,

மூன்றாவதில் தொடங்காதீர்கள். நீங்கள் பார்த்த இரண்டு படங்களுமே முதல் நாவலுக்குள் அடக்கம்.

செர்கேய் லுக்யானென்கோவின் ‘நைட் வாட்ச்’ 1998-ல் வெளிவந்தது. ஒரே புத்தகத்துக்குள் மூன்று நீள்கதைகள். 2004-ல் திமூர் பெக்மம்பேத்தவ் எடுத்த படம் முதல் கதையோடு நின்றுவிட்டது. 2006 புத்தாண்டு அன்று வந்த ‘டே வாட்ச்’ படம், மிச்சமிருந்த இரண்டு கதைகளிலிருந்து நாயகன் ஆன்டனும் அவனோடு வேலை செய்யும் ஓல்காவும் உடல் மாற்றிக்கொள்வதையும், விதியைத் திருத்தி எழுதும் சாக்பீஸையும் உருவிக்கொண்டது. மற்றதில் பெரும்பகுதி இயக்குநரின் கைச்சரக்கு. ‘டே வாட்ச்’ என்ற நாவல் வேறொன்று. 2000-ல் விளாதிமிர் வசீலியெவ்வுடன் சேர்ந்து எழுதியது. படத்தைப் பார்த்துவிட்டு அதைத் தாண்டிப் போகிறவர்கள் வரிசையின் ஆகச் சிறந்த பகுதிகளில் ஒன்றைத் தவறவிடுகிறார்கள்.

உங்களுக்கு விளங்காமல் போனதற்குக் காரணம் நீங்கள் இல்லை. நாவல் எதன்மேல் நிற்கிறதோ அதைப் படம் இரண்டு வசனங்களில் சொல்லிவிட்டு, பாலத்தில் நடக்கும் பழங்காலப் போருக்கு ஓடிவிடுகிறது. அந்த ஒப்பந்தம்தான் எல்லாமே. மந்திர ஆற்றலோடு பிறந்தவர்களை லுக்யானென்கோ ‘வேற்றவர்கள்’ என்கிறார். ஒளித் தரப்பு, இருள் தரப்பு என்று இரண்டாகப் பிரிந்து, சண்டையில் அழிந்துபோகாமல் இருக்க ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர்கள். இரவில் இருள் தரப்பைக் கண்காணிப்பது ஒளித் தரப்பின் ‘இரவுக் காவல்’. பகலில் ஒளித் தரப்பைக் கண்காணிப்பது இருள் தரப்பின் ‘பகல் காவல்’. இரண்டுக்கும் மேலே விசாரணை மன்றம். ரத்தக்காட்டேரிக்கு வேட்டை உரிமம் கொடுப்பதும் இரவுக் காவல்தான், அதாவது நல்லவர்களின் அலுவலகம். இதைப் படித்ததும் உறைக்கவில்லையென்றால் இன்னொரு முறை படியுங்கள்.

ஆளுக்கும் ஏழிலிருந்து ஒன்று வரை தரம் உண்டு, குறுக்கீட்டுக்கும் உண்டு. ஒளித் தரப்பில் ஒருவர் மனிதனொருவனின் மனத்தை நல்வழிக்குத் திருப்பினால், அதே தரத்தில் ஒரு கெடுதல் செய்ய இருள் தரப்புக்கு உரிமை பிறந்துவிடுகிறது. எந்த நன்மையும் சும்மா கிடைப்பதில்லை, அதற்கான விலையை எங்கோ முகம் தெரியாத ஒருவன் கட்டுகிறான். மந்திரவாதிகள் கோப்புகளோடும் அனுமதிகளோடும் மல்லாடும் வரவு செலவுக் கணக்குதான் இந்த நாவல்.

ஒரு காட்சியை மட்டும் கிட்டத்தில் பாருங்கள். காட்டேரியைத் தேடி மாஸ்கோ மெட்ரோவில் போகும் ஆன்டன், ஒரு பெண்ணின் தலைக்கு மேல் கரிய சுழல் ஒன்றைக் காண்கிறான். யாரோ வைத்த சாபம். வேட்டைக்கென்று மேலதிகாரி கொடுத்த தாயத்தை அவள்மேல் செலவழிக்கிறான். சுழல் கொஞ்சம் அடங்கிவிட்டு முன்பைவிடப் பெரிதாகிறது. வெடித்தால் நகரமே நாசம். அதன்பின் நடப்பது மாயச் சண்டை இல்லை, அலுவலக வேலை. பகுப்பாய்வாளர்கள் அருகிலேயே முகாம் போட்டுச் சுழலின் உயரத்தை அளக்கிறார்கள். பெண்களை மயக்குவதில் தேர்ந்த ஊழியர் ஒருவரை அவளிடம் பேச அனுப்பினால், அது இன்னும் உயர்கிறது. தப்பாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் அளவுகோலில் பதில் வருகிறது. படத்தில் இது காக்கைக் கூட்டமாகவும் ஆட்டம் காணும் விமானமாகவும் மாறிவிட்டது. விமானத்திலிருந்து கழன்ற ஆணி காபிக் கோப்பையில் வந்து விழும் இடம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அளவுகோலின் திகில் அதில் இல்லை.

வேற்றவர்கள் மட்டும் நுழையக்கூடிய, அடுக்கடுக்கான மறைவுலகம் ஒன்று உண்டு. ‘சாம்பல் உலகம்’ என்று நான் சொல்லிப்பார்க்கும் அந்தத் தளத்துக்கும் இதே கதிதான். நாவலில் அங்கே நுழைவதற்கு முறை இருக்கிறது: தரையில் கிடக்கும் தன் நிழலைக் கண்ணால் தூக்கி நிறுத்தி, அதற்குள் காலெடுத்து வைக்க வேண்டும். உள்ளே நிறம் இருக்காது, ஓசை மங்கிப்போகும், குளிரடிக்கும். நிற்கும் ஒவ்வொரு நொடியும் ஆளின் ஆற்றலை உறிஞ்சும். நேரம் மறந்து நின்றவர் திரும்புவதில்லை. முதல் அடுக்கில் வளர்வது நீலப்பாசி ஒன்றுதான். மனிதர்களின் கோபதாபங்களைத் தின்று சுவர்களில் படர்கிறது. புருஷன் பெண்டாட்டி சண்டை ஓயாத வீட்டில் செழித்து நிற்கும். படத்தில் பாசிக்குப் பதில் கொசு! பாசி எதைத் தின்கிறது என்பதே அந்த உலகத்தின் விதி என்பது கொசுவில் தெரியாது.

பெரிய கோளாறு, யெகோர் என்ற சிறுவனை ஆன்டனின் மகனாக்கியது. நாவலில் அவன் யாரோ ஒரு பையன். ஒளிக்கும் இருளுக்கும் நடுவே எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் யாரோ ஒருவனுக்காக ஆன்டன் தன் தரப்பையே சந்தேகிக்கத் தொடங்குகிறான் என்பதில்தான் எடை. மகன் என்றாக்கிவிட்டால் அது தகப்பன் பாசம், நமக்குப் பழகிய சினிமா. திரைக்கதையில் லுக்யானென்கோவின் பெயரும் இருப்பதால் இந்தக் குற்றத்தில் அவருக்கும் பங்குண்டு.

முதல் நாவலின் இரண்டாம் கதையில் மக்சீம் என்றொருவன் வருகிறான். தானும் ஒரு வேற்றவன் என்று அறியாமல், மரக் குத்துவாளால் இருள் தரப்பினரைத் தேடித்தேடிக் கொல்பவன். கொலையுண்டவர்களில் சட்டப்படி ஒழுங்காக வாழ்ந்தவர்களும் உண்டு. அவனைப் பிடிக்க வேண்டியது நல்லவர்களின் காவல் படை! படத்தில் இது காணாமல்போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

‘டே வாட்ச்’ நாவல் மறுபக்கத்திலிருந்து பேசுகிறது. ஆற்றல் இழந்த சூனியக்காரி அலிசா, கிரிமியாவில் ‘ஆர்த்தெக்’ சிறுவர் முகாமுக்கு உடல் தேற்றிக்கொள்ள அனுப்பப்படும் முதல் கதை அவள் குரலிலேயே வருகிறது. தீயவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவளோடு நூறு பக்கம் இருந்துவிட்டு ஆன்டனிடம் திரும்பும்போது, அவன் பேச்சு முன்போல் ஒலிக்காது. வரிசை மாற்றிப் படித்தால் இழப்பது இதைத்தான்.

‘ட்வைலைட் வாட்ச்’ (2004) மூன்றாவது. வேற்றவர்களின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை அதன் கடைசிக் கதையில் இருக்கிறது. முழுதாக உடைக்காமல் சொல்கிறேன்: சூட்டிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் பாய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் யார் குளிர்ந்த பொருள் என்று தெரியும்போது ஒளி, இருள் இரண்டின் மரியாதையும் ஒன்றாகச் சரிகிறது. ‘லாஸ்ட் வாட்ச்’ (2006) எடின்பரோவுக்கும் சமர்கந்துக்கும் போகிறது. விறுவிறுப்பாக இருக்கும். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். 2012-லும் 2014-லும் வந்த ‘நியூ வாட்ச்’, ‘சிக்ஸ்த் வாட்ச்’ இரண்டும் தீவிர ரசிகர்களுக்கு. புதுப்புது சக்திகளைச் சேர்த்துக்கொண்டே போனதில் பழைய கணக்கு நீர்த்துவிட்டது.

‘ராதுகா’, ‘முன்னேற்றப் பதிப்பகம்’ என்ற சோவியத் பதிப்பகங்களின் தமிழ் நூல்களில் ரஷ்யாவைப் படித்த தலைமுறைக்கு அந்த நாடு 1991-ல் நின்றுபோனது. அதற்குப் பிறகான மாஸ்கோ இந்தப் புத்தகத்தில் இருக்கிறது: திடீர்ப் பணக்காரர்கள், பழைய அடுக்குமாடிகளின் சமையலறைகள், மினிடிஸ்க் பிளேயரில் அடுத்து எந்தப் பாட்டு வரும் என்று விட்டுவிட்டு நடக்கும் ஆன்டன். ‘பிக்னிக்’, ‘ஸ்ப்ளீன்’ போன்ற ரஷ்ய ராக் குழுக்களின் வரிகள் கதைக்குள்ளேயே வரும். தாண்டிப் போகாதீர்கள், அவை கதையோடு பேசுகின்றன.

லுக்யானென்கோவின் அரசியல் உங்களை உறுத்தலாம். 2014-ல் தன் நூல்களை உக்ரைனிய மொழியில் பெயர்க்க அனுமதிக்க மாட்டேன் என்று அறிவித்தவர். இரு தரப்பையும் ஒரே தராசில் நிறுத்தத் தெரிந்த எழுத்தாளரிடமிருந்து அது வந்ததை நினைத்தால் கசக்கிறது. முதல் மூன்று நாவல்கள் அந்த அறிவிப்புக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டவை.

ஆங்கிலத்தில் ஆண்ட்ரூ ப்ரோம்ஃபீல்டின் மொழிபெயர்ப்பு சரளமானது. தடுக்கிவிழும் இடங்கள் இரண்டு. சாம்பல் உலகத்துக்குப் படத்தின் ஆங்கில வரிகளில் ‘க்ளூம்’ என்று பெயர், புத்தகத்தில் ‘ட்வைலைட்’. இரண்டும் ஒன்றே. போரிஸ் இக்னாத்தியெவிச் என்று ஒரு பக்கத்திலும் கெசெர் என்று அடுத்த பக்கத்திலும் வருபவர் ஒரே ஆள், ஆன்டனின் மேலதிகாரி. கெசெர் என்பது திபெத்திலும் மங்கோலியாவிலும் பாடப்படும் காவிய நாயகனின் பெயர். முதல் பெயரால் அழைத்தால் அலுவலகப் பேச்சு, இரண்டாவதால் அழைத்தால் விஷயம் முற்றிவிட்டது என்று வைத்துக்கொண்டு படியுங்கள், பெரும்பாலும் சரியாக வரும்.