முதலில் சூடு, அப்புறம் பால்

கேள்வி: எங்கள் பூனை பரணில் நான்கு குட்டி போட்டு ஐந்து நாளாகிறது. தாயின் மடி ஒரு பக்கம் சிவந்து வீங்கியிருக்கிறது. குட்டிகள் கிட்டே போனாலே சீறுகிறது. பாக்கெட் பாலில் தண்ணீர் கலந்து இங்க் ஃபில்லரில் கொடுத்தோம். இரண்டுக்கு வயிற்றுப்போக்கு, ஒன்று துவண்டு கிடக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: துவண்டு கிடக்கும் குட்டியின் வாய்க்குள் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் அதற்கு இப்போது பால் கொடுக்கவே கூடாது. முதல் வாரத்துக் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. உடம்பு குளிர்ந்தால் குடல் அசைவும் அடங்கிவிடும். உள்ளே போன பால் செரிக்காமல் தங்கும். பசி என்று நினைத்துப் பாலைப் புகட்டியே பல குட்டிகளை இழந்துவிடுகிறோம். அதிலும் ஐப்பசி அடைமழையில் நம் வீட்டுத் தரை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

குட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். வெந்நீரில் முக்க வேண்டாம். பிறகு ஓர் அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பாதி இடத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபாதி வேண்டும்.

பாக்கெட் பாலை இன்றே நிறுத்துங்கள். அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை அதிகம், குட்டிக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் குறைவு. தண்ணீர் கலந்ததில் இருந்த சத்தும் குறைந்துவிட்டது. ஆட்டுப்பாலும் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. செல்லப்பிராணிக் கடைகளில் பூனைக்குட்டிக்கென்றே பால்பவுடர் கிடைக்கிறது. டப்பாவில் சொன்ன அளவில் கரைத்து, மணிக்கட்டில் விட்டால் இதமாகத் தெரியும் சூட்டில் கொடுங்கள்.

100 கிராம் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20 மில்லி. 150 கிராம் குட்டி என்றால் 30 மில்லி. அதைப் பிரித்து இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும், இரண்டரை முதல் 4 மில்லி. இங்க் ஃபில்லரில் பால் சட்டென்று பீய்ச்சும். ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சு நல்லது. கைக்குழந்தையைப் போல் மல்லாத்திக் கொடுக்காதீர்கள், பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிப்பதுபோலக் குப்புறப் படுத்தபடி, தலை லேசாக நிமிர்ந்திருக்க, துளித்துளியாக. ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தை மெல்லத் தடவுங்கள். இந்த வயதில் அப்படித் தூண்டினால்தான் சிறுநீர் போகும்; வழக்கமாகத் தாய் நக்கிச் செய்யும் வேலை இது. தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். நாளுக்குப் பத்து கிராம் ஏறினால் நல்லது. எடை இறங்கினால் காத்திருக்காதீர்கள்.

சரி, தாய்க்கு வருவோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மாட்டுக்கு வருமே, அதே மடிநோய் மாதிரி இருக்கிறது. வலியால்தான் சீறுகிறது, பாவம். குட்டிகளை வெறுத்து அல்ல. காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். தாயையும் துவண்ட குட்டியையும் வயிற்றுப்போக்குள்ள இரண்டையும் இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளூரில் மருத்துவர் கிடைக்காவிட்டால் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வலி அடங்கியதும் எந்தக் காம்பில் குடிக்க விடலாம் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை, தாய் அமைதியாக இருக்கும் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் இருந்து குட்டிகளை அதன் அருகே விடுங்கள். பால் கொடுக்காவிட்டாலும் நக்கிவிடும்.