கோர் பிட் கேள்வி-பதில்: பிட் மேல பழி போடறதுக்கு முன்னாடி

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல டைமண்ட் கோர் பிட் பத்தி தான், அதாவது குழாய் மாதிரி இருந்து, ஓரத்துல வைரத் துகள் வெச்ச துளை போடற பிட், அதனால மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

கேள்வி: விட்ரிஃபைட் டைல்ஸ்ல 6 எம்எம் ஓட்டை போடணும், பிட் வழுக்கிட்டே ஓடுது, டைல்ஸ் முழுக்க கீறல். என்ன பண்றது?

பதில்: நேரா வெச்சு ஆரம்பிக்காதீங்க. கோர் பிட்டுக்கு நடுவுல கூர் கிடையாது, நேரா வெச்சா பிடிக்காது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்ச்சு ஒரு ஓரத்த மட்டும் தொடவிட்டு மெதுவா ஓட்டுங்க, பிறை மாதிரி ஒரு பள்ளம் விழும், விழுந்ததும் சுத்த விட்டுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா நிமித்துங்க. தண்ணி விடுங்க. ஹேமர் ஆஃப்ல இருக்கான்னு ஒருதடவை பாத்துக்கோங்க.

கேள்வி: டஃபன்ட் கிளாஸ்ல எந்த பிட் போட்டா ஓட்டை விழும் சார்?

பதில்: எந்த பிட்டும் இல்ல. மொத்தமா பொடிப்பொடியா நொறுங்கிடும். டஃபன் பண்றதுக்கு, அதாவது கண்ணாடிய சூடாக்கி வலுவாக்கறதுக்கு முன்னாடியே ஓட்டை போட்டு வாங்கணும்.

கேள்வி: ஹேமர் மோடு போட்டா வேகமா இறங்குமா?

பதில்: இறங்காது, செக்மென்ட், அதாவது பிட் ஓரத்துல இருக்கற வைரப் பல்லு, தெறிக்கும். ஹேமர் டிசிடி (டங்ஸ்டன் கார்பைடு நுனி வெச்ச) பிட்டுக்கு, டைமண்டுக்கு இல்ல. எத்தனை தடவை எழுதறது!

கேள்வி: கிரானைட்ல சிங்க் டேப்புக்கு 35 எம்எம் ஓட்டை போட்டேன். ரெண்டு ஓட்டை நல்லா போச்சு, மூணாவதுல பிட் மொன்னை. டூப்ளிகேட் வைரம்னு சொல்றாங்க, திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: தம்பி, இந்தக் கேள்விய எத்தனையோ பேர் கேட்டாச்சு, எல்லாரும் பிட்ட குப்பையில போட்டுட்டு தான் எழுதறாங்க. அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். பிட் பெரும்பாலும் மொன்னையாகல, கண்ணாடியாகி இருக்கு, அதாவது வெட்டற முகம் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆகிடுச்சு. வைரம் கத்தி மாதிரி வெட்டறதில்ல, உரசி அரைக்குது. செக்மென்ட்ங்கறது உலோகப் பொடியையும் வைரத் துகளையும் கலந்து அழுத்தி சூட்டுல இறுக்கினது, அந்த உலோகத்த தான் பாண்ட்னு சொல்றோம். மேல இருக்கற வைரம் தேஞ்சு உதிர உதிர பாண்டும் கூடவே தேயணும், அப்போ தான் அடியில இருக்கற புது வைரம் வெளிய வரும். கெட்டியான கல்லுல வர்ற தூள் ரொம்ப நைசு, அது பாண்ட அரிக்காது, பழைய வைரம் மட்டும் வழவழன்னு ஆகி அப்படியே நின்னுடும். அப்புறம் நீங்க எவ்வளவு அழுத்தினாலும் சூடு தான் ஏறும்.

அதனால தான் கெட்டியான கல்லுக்கு சீக்கிரம் தேயற மிருதுவான பாண்ட், மணல் உதிர்ற செங்கல், இன்னும் முழுசா இறுகாத பச்சை கான்கிரீட் மாதிரி ஐட்டத்துக்கு கெட்டியான பாண்ட். இதை தலைகீழா சொல்லி விக்கறவங்கள பாத்தா எனக்கு வர்ற கோவம் இருக்கே, "கல்லு ஹார்டு, அதனால ஹார்டு பிட் எடுத்துக்கோங்க"ன்னு கவுண்டர்ல நின்னு சொல்லுவாங்க, வாங்கறவரும் நியாயமா தான இருக்குன்னு வாங்கிட்டு வந்து மூணாவது ஓட்டையில நிப்பாரு, பழி வைரத்து மேல. வாங்கும்போது எந்தக் கல்லுக்குன்னு சொல்லி வாங்குங்க, சொல்லத் தெரியாதவங்ககிட்ட வாங்காதீங்க.

இப்போ உங்க பிட்ட எடுத்து செக்மென்ட் மேல நகத்த ஓட்டிப் பாருங்க. நல்ல பிட்னா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு பிடிக்கும், லென்ஸ் வெச்சுப் பாத்தா ஒவ்வொரு வைரத்துக்குப் பின்னாடியும் பாண்ட் ஒரு சின்ன வால் மாதிரி நீண்டு நிக்கும். பளபளன்னு வழுக்கினா கண்ணாடியாயிடுச்சுன்னு அர்த்தம். சொரசொரப்பான சிமென்ட் கல்லோ மணல்கல்லோ கிடைச்சா அதுல தண்ணிய குறைச்சு நாலஞ்சு ஓட்டை போடுங்க, சேறு கெட்டியா வந்து பாண்ட அரிச்சுடும், பிட் திரும்ப கடிக்க ஆரம்பிக்கும். ஆனா இது செக்மென்ட் உள்ள பிட்டுக்கு மட்டும் தான். எலக்ட்ரோபிளேட்டட் (மின்முலாம் பூசி வைரம் ஒட்டினது)னா மேல ஒரே ஒரு அடுக்கு வைரம், அது போனா போனது தான், அதை தாராளமா தூக்கிப் போடுங்க.

இன்னொன்னு, வேலை செய்யும்போது தண்ணியோட நிறத்த பாருங்க. பால் மாதிரி வந்தா அரைக்குது. தெளிவா வந்தா சும்மா சுத்துது, அழுத்தி பிரயோஜனம் இல்ல, நிறுத்திட்டு பிட்ட பாருங்க. களி மாதிரி வந்தா தண்ணி பத்தல.

கேள்வி: ஆர்பிஎம் எவ்வளவு வைக்கணும்?

பதில்: என்ன சைஸ், எந்த மெட்டீரியல்னு எழுதாம ஆர்பிஎம் கேட்டா நான் என்ன ஜோசியமா பாக்கறது? பொதுவா சொல்றேன், பிட்டோட ஓரம் செகண்டுக்கு ரெண்டு மூணு மீட்டர் வேகத்துல போனா கிரானைட், கான்கிரீட்டுக்கு சரியா இருக்கும். 100 எம்எம் பிட்டுக்கு ஒரு 500 ஆர்பிஎம், 50 எம்எம்க்கு 1000. கண்ணாடிக்கு இன்னும் மெதுவா. பிட் பெருசாக ஆக சுத்து குறையணும், அவ்வளவு தான்.

கேள்வி: இரும்பு பிளேட்ல டைமண்ட் பிட் போடலாமா? வைரம் தான எல்லாத்தையும் விட கெட்டி?

பதில்: கெட்டி தான், ஆனா வைரம் வெறும் கார்பன். சூட்டுல இரும்பு அந்தக் கார்பன இழுத்துக்கும், வைரம் கரைஞ்சு போகும். இரும்புக்கு ஹோல் சான்னு பல்லு வெச்ச வட்ட ரம்பம் இருக்கு, அதை வாங்குங்க.

கேள்வி: டிரை பிட்னு போட்டிருக்கே, தண்ணி இல்லாம ஓட்டலாமா?

பதில்: கிரைண்டர்ல மாட்டற வேக்யூம் பிரேஸ்டு பிட்ட (காத்தில்லாத உலைல வைரத்த உலோகத்தோட பத்த வெச்சது) ஓட்டலாம். உள்ள வெளிய இழுத்து இழுத்து, லேசா வட்டமா ஆட்டி, அஞ்சாறு செகண்டுக்கு ஒருதரம் ஆற விட்டு ஓட்டணும். ஆனா தூசி? டைல்ஸ், கிரானைட், கான்கிரீட் எல்லாத்துலயும் சிலிகா இருக்கு, அந்த நைசுத் தூள் நுரையீரல்ல போய் உக்காந்தா சிலிகோசிஸ், அதை குணப்படுத்த மருந்து கிடையாது. துணிய மூஞ்சில கட்டிக்கிட்டா போதும்னு நெனைக்காதீங்க, முகத்தோட ஒட்டி நிக்கற ரெஸ்பிரேட்டர் வேணும், டிரில்லோட தூசி உறிஞ்சற வேக்யூம் வேணும். தண்ணி விட முடியற இடத்துல தண்ணி விடுங்க. தண்ணி விட்டா ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) உள்ள லைன்ல மட்டும் மெஷின சொருகுங்க.

கேள்வி: ஸ்லாப்ல 100 எம்எம் பைப் ஓட்டை போடும்போது கம்பி வந்துடுச்சு. அப்படியே இறக்கலாமா?

பதில்: இரும்புக்கு ஆகாதுன்னு மேல சொன்னேன், ஆனா கான்கிரீட் பிட் நடுவுல வர்ற ஒண்ணு ரெண்டு கம்பிய தாங்கும், தண்ணி விட்டுக்கிட்டே சுத்தற வேகத்த குறைச்சு பொறுமையா விட்டா அறுத்துடும். அறுக்கலாமாங்கறது தான் கேள்வி. அதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லணும், நானோ நீங்களோ சொல்லக் கூடாது. போஸ்ட் டென்ஷன் ஸ்லாப்னா ஸ்கேன் பண்ணாம பிட்டையே வைக்காதீங்க, உள்ள இருக்கற கேபிள் பல டன் இழுவையில நிக்குது, அறுந்தா ஆளையே அடிச்சுடும். இந்த சைஸ கையில பிடிச்சு ஓட்டாதீங்க, பிட் சிக்கினா மெஷின் சுத்தி மணிக்கட்டு போயிடும், ஸ்டாண்ட ஆங்கர் போல்ட்ல இறுக்கிட்டு ஓட்டுங்க. கீழ் தளத்துல யாரும் நிக்காம பாத்துக்கோங்க, கோர், அதாவது பிட்டுக்குள்ள அறுபட்ட கான்கிரீட் துண்டு, மொத்தமா விழும்.

கேள்வி: அறுபட்ட கோர் பேரலுக்குள்ள (பிட்டோட குழாய்க்குள்ள) மாட்டிக்கிச்சு, சுத்தியலால தட்டினேன், இப்போ பிட் ஆடுது.

பதில்: பேரல் நெளிஞ்சிருக்கும், இனி ஓட்டை பெருசா தான் விழும். அடுத்த தடவை மரக்கட்டையால சுத்தி சுத்தி லேசா தட்டுங்க, இல்ல பின்பக்க ஓட்டை வழியா கம்பி விட்டு தள்ளுங்க. சுத்தியல் வேணாம்.