ஏழரை மணிக்கு எத்தனை வெளிச்சம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொழும்பில் எங்கு பார்த்தாலும் கிரேன், கண்ணாடிக் கட்டடம். ஆனால் சனம் பெரிதாகக் கூடவில்லை என்று தொகைமதிப்பில் வந்திருக்கிறதாமே. எதை நம்புவது? (கொட்டாஞ்சேனை வாசகர்)

இரண்டையும் நம்பலாம் ஐயா. 2012-ல் கொழும்பு மாவட்டத்தில் 23 லட்சத்து 24 ஆயிரம் பேர். 2024 கடைசியில் எண்ணியபோது 23 லட்சத்து 74 ஆயிரம். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் போயும் ஐம்பதாயிரம்தான் கூடியிருக்கிறது. அதே காலத்தில் கம்பஹா 23 லட்சத்திலிருந்து 24 லட்சத்து 33 ஆயிரத்துக்கு ஏறி, நாட்டிலேயே அதிக சனமுள்ள மாவட்டம் என்ற இடத்தைக் கொழும்பிடமிருந்து பிடுங்கிக்கொண்டது.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் 1978 முதல் குடியிருக்கிறேன். வந்தபோது பதினொரு வீடுகள். ஓட்டுக் கூரை, முன்னால் ஜம்பு மரம், பின்னால் கிணறு. இன்றைக்கு மூன்றுதான் மிச்சம். மற்ற எட்டு வளவிலும் தொடர்மாடி. என் வீட்டையும் 2009-ல் இடித்துக் கட்டக் கொடுத்துவிட்டு, அதே மண்ணுக்கு மேலே நாலாம் மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

தொகைமதிப்புக்கு ஒரு பிள்ளை டெப்லட்டோடு வந்தாள். தொடர்மாடிக் கமிட்டியின் செயலாளர் என்ற பாவத்துக்காக நானும் அவளோடு லிஃப்ட்டில் ஏறி இறங்கினேன். எங்கள் கட்டடத்தில் 28 வீடுகள். பதினொன்று பூட்டிக் கிடந்தன. சொந்தக்காரர்கள் டொரொன்டோவில், லண்டனில், சிட்னியில். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் வழியில் நாலு நாள் தங்குவார்கள், டிசம்பரில் ஒரு கல்யாணம் என்றால் இரண்டு கிழமை. திறந்த கதவுகளுக்குப் பின்னாலும் பெரும்பாலும் என்னைப் போல இரண்டு கிழங்கள். கடைசி மாடியில் அந்தப் பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: “வீடு கனக்க இருக்கு அங்கிள், ஆக்கள்தான் இல்லை.”

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். இரவு ஏழரை மணிக்கு மொட்டைமாடிக்குப் போய், எதிரே நிற்கும் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் வெளிச்சம் தெரியும் வீடுகளை எண்ணுவேன். நாற்பதில் பதினேழைத் தாண்டியது டிசம்பரில் மட்டும்தான்.

பிறகு ஏன் கட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். வங்கியில் கடன் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. சீமெந்தும் கம்பியும் விலை ஏறின, வீட்டு விலையும் ஏறியது. வெளியில் உழைப்பவருக்கு அந்த ஏற்றம் உறைக்கவில்லை. இங்கே ரூபாயில் சம்பளம் எடுக்கும் இளம் குடும்பத்துக்கு உறைத்தது. கடன் மனுவோடு வருகிறவர்களின் சம்பளச் சீட்டைப் பார்த்தாலே அவர்கள் எங்கே குடியேறப் போகிறார்கள் என்று அந்தக் காலத்திலேயே எனக்குத் தெரியும். மஹரகம, கடவத்தை, உங்களுக்கு அடுத்த கேள்வி கேட்பவரின் ஊர்.

கேள்வி: மலிவாகக் காணி கிடைத்தது என்று வத்தளைக்கு வந்தோம். மகள் கொழும்புக் கோட்டையில் வேலைக்குப் போய்வரவே பொழுது போகிறது. தவறு செய்துவிட்டோமா? (வத்தளை வாசகி)

இல்லை தங்கச்சி. வத்தளையும் கம்பஹா மாவட்டம்தானே, உங்களைப் போல வந்தவர்கள்தான் அதை முதலிடத்துக்குத் தூக்கியவர்கள். 2013-ல் கட்டுநாயக்க அதிவேகப் பாதை வந்தது, 2021 நவம்பரில் புதிய களனிப் பாலம் திறந்தார்கள். பாலத்தை வேகமாகத்தான் கடக்கிறோம், அப்புறம் ஒருகொடவத்தையில் நின்றுவிடுகிறோம். சனம் வெளியே போனது, அலுவலகங்கள் உள்ளேயே இருக்கின்றன. மகளை ரயிலில் போகச் சொல்லிப் பாருங்கள். நெரிசல் அதிலும் உண்டு, ஆனால் பாதையில் சிக்காது.

கேள்வி: துறைமுக நகரத்தால் சாதாரண ஆளுக்கு என்ன பலன்? (தெமட்டகொடை வாசகர்)

2014-ல் வேலை தொடங்கி, கடலை நிரப்பி எடுத்த நிலம் 269 ஹெக்டெயர். இப்போதைக்கு மாலையில் காற்று வாங்கலாம். நான் போனேன், காற்று நன்றாக இருந்தது.

கேள்வி: எங்கள் பாடசாலையில் முதலாம் வகுப்பில் வாங்குகள் காலியாகின்றன. ஏன்? (தெஹிவளை ஆசிரியை)

பிள்ளைகள் பிறப்பது குறைந்துவிட்டது டீச்சர். 2013-ல் நாடு முழுவதும் மூன்றரை லட்சத்துக்கு மேல் பிறப்புகள், 2023-ல் இரண்டரை லட்சத்தை எட்டவில்லை. வெளிநாடு போன இளம் குடும்பங்கள் தனிக் கணக்கு.

கேள்வி: படிப்பு முடிந்தது. வேலைக்குக் கொழும்புக்கு வரலாமா? (முல்லைத்தீவு மாணவர்)

வாருங்கள் தம்பி. மேல் மாகாணம் நாட்டின் நிலத்தில் 6 வீதம்கூட இல்லை, பொருளாதாரத்திலோ 40 வீதத்துக்கு மேல். வேலை இங்கேதான் குவிந்திருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் சதுர கிலோமீற்றருக்கு 50 பேர், இங்கே கொழும்பு மாவட்டத்தில் 3,549 பேர். முதல் கிழமை மூச்சு முட்டும். சம்பளத்தை விசாரிக்கும் முன் அறை வாடகையை விசாரியுங்கள். இரத்மலானை, மொறட்டுவைப் பக்கம் ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் பாருங்கள். எங்கள் கட்டடத்தின் பதினொரு வீட்டையும் எண்ணி வைத்திருக்கிறேன்தான். உங்களுக்காக மூன்று சொந்தக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். மூவரும் ஒரே பதில்: “அங்கிள், டிசம்பருக்கு நாங்கள் வருவோமே.”