தமிழ் வீட்டுப் பெண்ணுக்குப் பண்பாட்டுப் பயிற்சி எதற்கு?

அக்கா, உங்கள் கேள்வி நியாயமானதுதான். மகள் ஸ்பீச் தெரபி, அதாவது பேச்சு, மொழி, விழுங்குதல் சிக்கல்களுக்கான சிகிச்சை, படிக்க ஆசைப்படுகிறாள், பாடத்தில் நோயாளியின் மொழியையும் பண்பாட்டையும் புரிந்துகொள்ளும் பயிற்சி வருகிறது, தமிழ் பேசி வளர்ந்தவளுக்கு அது எதற்கு என்கிறீர்கள். என்னைக் கேட்டால் அவளுக்குக் கட்டாயம் வேண்டும். நமக்குத்தான் தெரியுமே என்ற நினைப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

நாலு வயதுப் பையன் ஒருவன் 'வாயப்பயம்' என்கிறான் என்று வையுங்கள். பள்ளியில் ழகரம் பழகிய உங்கள் மகள் உடனே உச்சரிப்புக் குறை என்று குறித்துவிடுவாள். அவன் பாட்டியும் அப்படியே சொல்பவராக இருந்தால் அது குறையே இல்லை, அந்த வீட்டுப் பேச்சு. வீட்டுப் பெரியவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு அப்புறம்தான் பிள்ளையை அளக்க வேண்டும். 'ஸ்பூன்' என்று சொல்லத் தெரியாமல் 'கரண்டி' என்றாலும் அவனுக்குச் சொல் தெரியும் என்றுதான் கணக்கு. ஆங்கிலம் மட்டும் பேசும் வெளிநாட்டுப் பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனை அதைக் கணக்கில் எடுக்காது. உண்மையான மொழிக் குறைபாடு இரண்டு மொழியிலும் தெரியும், இரண்டு மொழி பேசுவதால் அது வருவதில்லை. இது புரியாமல் "வீட்டில் தமிழை நிறுத்துங்கள்" என்று யாராவது சொல்லிவிட்டால், ஆங்கிலம் வராத பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே பேச்சே இல்லாமல் போய்விடும். எனக்கு மனசு ஆறாத விஷயம் இது.

இன்னொன்று, சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடுதான். அவளிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்களாக இருக்க மாட்டார்கள். பக்கவாதம் வந்து பேச்சுத் தடுமாறும், ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி பேசும் தாத்தா வருவார், பேத்தியை மொழிபெயர்க்கச் சொன்னால் அவள் பாசத்தில் அவர் குழறியதைச் சரிசெய்தே சொல்வாள், சிகிச்சைக்குத் தேவையான பிழை மறைந்துவிடும். அதனால் மொழிபெயர்ப்பாளரோடு வேலை செய்வதும் படிக்க வேண்டிய ஒன்று. விழுங்கச் சிரமப்படும் மலாய்ப் பாட்டிக்கு உணவின் பதத்தை மாற்றும்போது, அவர் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

சரி, வழி என்ன? சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் இளநிலைப் பட்டப்படிப்பு இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2007இல் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது, அது வேறு பட்டம் முடித்தவர்களுக்கானது. நேர்காணலுக்குப் போகுமுன் அவளை ஒரு வாரம் பாட்டி பேசுவதை உற்றுக் கேட்கச் சொல்லுங்கள், தன் பேச்சிலிருந்து எங்கெங்கே வேறுபடுகிறது என்று எழுதி வைக்கட்டும்.