மசாலா சேர்த்தும் காய்கறியில் ஏன் மணம் எழுவதில்லை?

பல நாட்டுச் செய்முறைகளைப் பின்பற்றி, மசாலாவும் மணமூட்டும் இலைகளும் தாராளமாகப் போட்டும் காய்கறி சப்பென்று இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் குறை அளவில் இருப்பதில்லை, சேர்க்கும் நேரத்தில்தான் இருக்கிறது.

சீரகம், தனியா, மிளகாய் ஆகியவற்றின் மணப்பொருள்கள் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. கொதிக்கும் குழம்பில் பொடியை நேராகத் தூவினால் பச்சை வாடைதான் மிஞ்சும். முதலில் எண்ணெயில் சூடாக்கினால்தான் மணம் எண்ணெயில் இறங்கிக் காய் முழுவதும் பரவும். இந்தியத் தாளிப்பு செய்வது இந்த வேலையைத்தான். மெக்சிகோவில் அரைத்த மிளகாய் விழுதை எண்ணெயில் வதக்குகிறார்கள். தாய்லாந்தில் கெட்டித் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி, எண்ணெய் பிரிந்ததும் மசாலா விழுதைச் சேர்க்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த முறை இது, அந்த நேரத்தில் வீடே மணக்கும். முழு மசாலா சூட்டைத் தாங்கும். பொடிக்குத் தீயைக் குறைத்துவிடுங்கள், 30 விநாடியிலேயே கருகிக் கசந்துவிடும்.

ரோஸ்மேரி, தைம் போன்ற கடினமான இலைகளைத் தொடக்கத்திலேயே போடலாம். கொத்தமல்லி, பேசில், பார்ஸ்லி அடுப்பை அணைத்த பிறகுதான். உலர்ந்த இலை என்றால் பச்சை இலையின் மூன்றில் ஒரு பங்கு போதும்.

காயையும் கவனியுங்கள். ஈரம் இருக்கும்வரை அதன் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். பொன்னிறமும் வறுத்த சுவையும் வர ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். ஆகவே கழுவிய காயை நன்றாகத் துடைத்து, வாணலியில் நெருக்காமல் பரப்பி வதக்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சுவை எடுபடாவிட்டால், மசாலாவைக் கூட்டாமல் சில துளி எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள்.